புதுவையில் குடும்பத்தோடு ஒரு மேசை

பல்லடம்

புதுச்சேரிக்குக் குடும்பத்தோடு கிளம்பும் கொங்கு நாட்டுக்காரர்களுக்குக் கடலைவிடப் பெரிய யோசனை சாப்பாட்டு மேசைதான். நல்ல மீன் கிடைக்கும் உணவகங்களில் பல அங்கே மதுவும் பரிமாறுகின்றன. ஒரே மேசையில் தகப்பன் பீர் குடிக்க, பக்கத்தில் பிள்ளை ஐஸ்கிரீம் வழித்துத் தின்ன, எதிரே அம்முச்சி ரசஞ்சாதம் கேட்பது அந்த ஊரில் யாரும் திரும்பிப் பார்க்காத காட்சி. பல்லடத்தில் அப்படி ஒரு மேசை கிடையாது. அதனால் புதுவையில் போய் இறங்கியதும் எந்த மாடிப்படி ஏறலாம், எதை விட்டு விலகலாம் என்பதைக் குடும்பமே தட்டுத் தடுமாறித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பல்லடம் சாப்பாட்டுக்குக் குறைவில்லாத ஊர். தமிழ்நாட்டில் கறிக்கோழியின் பண்ணைக் கொள்முதல் விலை, இங்குள்ள ஒருங்கிணைப்புக் குழு நாள்தோறும் அறிவிப்பதை ஒட்டியே நகர்கிறது. கோவை–திருச்சி நெடுஞ்சாலை ஊரின் நடுவே போவதால் லாரி ஓட்டுநர்களுக்கும் விசைத்தறிக்காரர்களுக்கும் சோறு போடும் மெஸ்கள் சாலையின் இரு பக்கமும் உண்டு. பள்ளிபாளையம் சிக்கன், நாட்டுக்கோழிக் குழம்பு, கொள்ளு ரசம், அரிசிம்பருப்பு சாதம் என எதற்கும் பஞ்சமில்லை. அசைவ ஓட்டல்களில் ‘ஃபேமிலி ரூம்’ என்று எழுதிய ஒரு தடுப்பு இருக்கும். திரைச்சீலையோ பிளைவுட் பலகையோ வைத்து மறைத்த அந்த மூலையில்தான் பெண்களும் பிள்ளைகளும் உட்காருவார்கள். முன்கூடம் ஆண்களுக்கு.

மது இன்னும் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாடு மாநில வாணிபக் கழகமான டாஸ்மாக் 1983இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்டது. 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. கம்பிவலைக்குள் கை நீட்டிப் பணம் கொடுத்து, பாட்டிலை வாங்கி, பக்கத்துக் கொட்டகையில் பிளாஸ்டிக் தம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டுப் போவதுதான் இருபது ஆண்டுகளாக இங்கே குடிப்பதன் வடிவம். அங்கே பெண் கால் வைப்பதில்லை, பிள்ளை எட்டிப் பார்ப்பதில்லை. உணவு என்றால் ஊறுகாய், சுண்டல், அவித்த முட்டை.

நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டபோது, அகற்றப்பட்ட கடைகள் ஊர்களுக்குள் இடம் தேடின. பல்லடம் வட்டத்துச் சாமளாபுரத்தில் 2017 ஏப்ரலில் பெண்கள் சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். தடியடி நடந்தது. ஒரு பெண்ணைக் காவல்துறை அதிகாரி கன்னத்தில் அறைந்த காட்சியை நாடே பார்த்தது. இந்தப் பகுதிப் பெண்களுக்கு மதுவோடு இருக்கும் உறவு அதுதான்: எதிர்த்து உட்கார்ந்தவர்கள் அவர்கள். அவர்களில் ஒருவர் கடலோர நகரத்து உணவகத்தில் நுழைந்து, அடுத்த மேசையில் ஒயின் கோப்பையைப் பார்த்தவுடன் முகம் சுருங்கி எழுந்துகொண்டால் அதைப் பட்டிக்காட்டுத்தனம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அனுபவித்தவர்களின் எச்சரிக்கை அது.

காங்கயம், கரூர், குளித்தலை

பல்லடத்திலிருந்து புதுச்சேரி ஏறக்குறைய 350 கிலோமீட்டர். காங்கயத்தில் தேங்காய்க் களங்களும் அரிசி ஆலைகளும், வெள்ளகோவிலைத் தாண்டினால் வறண்ட மேய்ச்சல் காடுகளும் வருகின்றன. கிளுவை வேலி போட்ட கொறங்காடுகளில் மாடுகள் நிற்கும் இந்த நிலம், கரூர் தாண்டியதும் காவிரிக் கரை வாழைத் தோட்டமாக மாறிவிடுகிறது. ஒரே சாலையில் இரண்டு நாடுகளைக் கடந்தது மாதிரி இருக்கும்.

வழியில் சாப்பாட்டுக்குப் பெரும்பாலான குடும்பங்கள் கட்டுச்சோற்றையே நம்புகின்றன. புளிச்சோறு, தயிர்ச்சோறு, எள்ளுப்பொடி. குளித்தலைப் பக்கம் ஏதாவதொரு மரத்தடியில் பொட்டலத்தைப் பிரித்தால் ஆண், பெண், பிள்ளை எல்லோரும் வட்டமாக உட்காருகிறார்கள். தடுப்பும் திரையும் ஓட்டலுக்குள் மட்டும்தான். கரூரில் நிறுத்துபவர்கள் தள்ளுவண்டியில் கரம் வாங்குவதுண்டு. பொரியும் தட்டுவடையும் காரச் சட்டினியும் கலந்து தரும் அந்தப் பொட்டலத்தைச் சாயங்காலம் கடைவாசலில் நின்று தின்பவர்களில் பெண்கள்தான் அதிகம்.

திருச்சிக்கு அப்பால் பெரம்பலூர், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வரை அகன்ற சாலை. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் பூமி. இந்த நீளத்தில் நின்று சொல்ல அதிகமில்லை.

மதகடிப்பட்டு

விழுப்புரத்திலிருந்து கிழக்கே திரும்பி வளவனூரைத் தாண்டினால் மதகடிப்பட்டு. புதுச்சேரி ஒன்றியப் பகுதி இங்கே தொடங்குகிறது. ஆனால் ஒரேயடியாகத் தொடங்குவதில்லை. திருபுவனை புதுச்சேரி, கண்டமங்கலம் தமிழ்நாடு, அரியூர் மீண்டும் புதுச்சேரி என்று சாலை மாறி மாறி இரண்டு ஆட்சிகளுக்குள் நுழைந்து வெளியேறுகிறது. பிரெஞ்சுக்காரர்கள் துண்டு துண்டாகப் பெற்ற கிராமங்கள் அப்படியே துண்டுகளாக நின்றதன் விளைவு இது. 1954 நவம்பர் 1இல் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல் நிறைவேறியது. எல்லைக்கோடுகள் மட்டும் பழையபடியே இருக்கின்றன.

அந்தக் கோடுகளை வரைபடம் இல்லாமலே கண்டுபிடிக்கலாம். புதுச்சேரி மண் தொடங்கும் இடத்தில் மதுக்கடைப் பலகைகள் வரிசை கட்டி நிற்கும். சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கியது, கொங்கு நாட்டின் வாசலிலேயே. பிறகு மாகாணம் முழுக்கப் பரவியது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி அந்தச் சட்டத்துக்கு வெளியே நின்றது. பக்கத்து ஊரில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைத்ததால் ‘பாண்டி’ என்ற பேரே பல வீடுகளில் முணுமுணுப்பாகச் சொல்லப்பட்டது. கல்யாணமாகாத பையன்கள் கூட்டமாகப் போய்வரும் ஊர் என்ற அந்தப் பேர் இன்னும் முழுதாக அழியவில்லை. குடும்பத்தோடு போகிறோம் என்று சொன்னால் பல்லடத்தில் பெரியவர்கள் ஒரு கணம் தயங்குவது அதனால்தான்.

இங்கே சாராயக்கடைக்கும் கள்ளுக்கடைக்கும் அரசே ஏலம் விடுகிறது. பொங்கலூர், உடுமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர்கள் கள்ளுக்கடைப் பலகையைக் கண்டால் வண்டியின் வேகத்தைக் குறைக்கிறார்கள். தமிழ்நாட்டில் கள் இறக்க 1987 முதல் தடை. அதை நீக்கச் சொல்லிக் கொங்கு விவசாயிகள் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். தென்னையை நம்பியவனுக்கு இந்தப் பலகை விவசாயத்தின் பிரச்சினை. பின் இருக்கையில் இருக்கும் அவன் மனைவிக்கோ மகளுக்கோ அது வேறு.

எல்லையில் தெரியும் இந்த முதல் காட்சியைக் கொண்டு நகரத்தை எடைபோட்டால் தவறாகிவிடும். மதகடிப்பட்டில் இருப்பவை வழிப்போக்கர்களுக்கான கடைகள். வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்புவதற்கானவை. உட்கார்ந்து சாப்பிடும் பழக்கம் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

நேரு வீதி, மிஷன் வீதி

பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதி, கிழக்கே வெள்ளை நகரம் எனப்படும் வெள்ளையர் பகுதி என்று பிரிந்த பழைய நகரத்தில் கடைத்தெரு என்றால் நேரு வீதி. இங்கே ஒரு குடும்பம் எந்த யோசனையும் இல்லாமல் நுழையக்கூடிய முதல் இடம் இந்தியன் காபி ஹவுஸ். தொழிலாளர் கூட்டுறவு நடத்தும் கடை. பழைய மேசை, தட்டில் தோசை, கண்ணாடித் தம்ளரில் காபி. யான் மார்ட்டெல் தன் ‘லைஃப் ஆஃப் பை’ நாவலின் முன்னுரையில், இந்தக் கதையைத் தான் கேட்டது இங்கேதான் என்று எழுதியதால் வெளிநாட்டார் தேடி வருகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் காலைப் பலகாரத்துக்கு வருகிறார்கள். மிஷன் வீதியில் சைவச் சாப்பாட்டுக்குச் சற்குரு இருக்கிறது. முதல் நாள் இரவு வயிற்றுக்குப் பழகிய இட்லியும் பொங்கலும் தேடும் வயதானவர்களுக்கு இந்தத் தெருக்கள் போதும்.

சிக்கல் மாடிகளில் இருக்கிறது. இதே தெருக்களிலும் குறுக்குச் சந்துகளிலும் முதல் மாடி, இரண்டாம் மாடி என்று மதுக்கூடங்கள் பெருகியுள்ளன. உள்ளூரில் இவற்றை ‘ரெஸ்டோ பார்’ என்கிறார்கள். சுற்றுலா வளர்ச்சி என்ற பேரில் அண்மை ஆண்டுகளில் உரிமங்கள் தாராளமாகக் கொடுக்கப்பட்டதும் குடியிருப்பாளர்கள் எதிர்த்தார்கள். பள்ளிக்கும் கோயிலுக்கும் பக்கத்தில் கூடாது, நள்ளிரவு வரை இரைச்சல் தாங்கவில்லை என்பது அவர்கள் குறை. சாமளாபுரத்துப் பெண்கள் சொன்னதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. புதுவைக்காரர்கள் எல்லோரும் மதுவோடு சமாதானமாக வாழ்கிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பது சரியல்ல. இந்த ஊரின் அரசுக்கு மது வருவாய் பெரிய வரவு, இந்த ஊரின் வீடுகளுக்கு அது பெரிய செலவு.

ரெஸ்டோ பார் ஒன்றைத் தெருவில் நின்றே அடையாளம் காணலாம். கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கும், படிக்கட்டில் நீலமோ சிவப்போ விளக்கு எரியும், பாட்டுச் சத்தம் கீழே வரை அதிரும், வாசலில் கட்டுமஸ்தான ஓர் ஆள் நிற்பார். மெனு அட்டை கேட்டால் முதல் நான்கு பக்கமும் மது, கடைசிப் பக்கத்தில் ‘ஸ்டார்ட்டர்’. அங்கே பிள்ளைகளோடு ஏறத் தேவையில்லை. மாறாக, தரைத் தளத்தில் வெளிச்சமான கூடமும், சமையல் வாசனையும், மீனை முதலில் எழுதிய மெனுவும் இருந்து, மது கடைசிப் பக்கத்தில் இருந்தால் குடும்பங்கள் தயங்காமல் உட்காருகின்றன. மாலை 7 மணிக்கு மேசைகளில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்ப்பது எல்லாவற்றையும்விட நம்பகமான அளவுகோல்.

பல்லடத்திலிருந்து வரும் பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்று உண்டு. தமிழ்நாட்டில் மது வாங்கும் வயது 21, புதுச்சேரியில் 18. பொறியியல் கல்லூரியில் படிக்கும் பையன் இந்த ஊரில் சட்டப்படி பெரியவன். அதைப் பரிமாறுபவர் சொல்லித் தெரிந்துகொள்வதைவிட வீட்டிலேயே பேசிவிட்டு வருவது நல்லது.

கடற்கரைச் சாலை

மாலை 6 மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். மறுநாள் காலை 7:30 வரை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமும் நடப்பவர்களுக்கே. காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான பிரெஞ்சு நினைவுச் சின்னம் என்று எல்லாவற்றையும் கடந்து சனம் மெதுவாக நகர்கிறது. பலூன் விற்பவர், சோளம் சுடுபவர், மாங்காயில் மிளகாய்ப்பொடி தூவிக் கொடுப்பவர். பல்லடத்தில் மாலை நேரத்தில் குடும்பமாக நடக்க ஒரு சாலை கிடையாது. நெடுஞ்சாலையில் லாரிகள்தான் நடக்கின்றன. பிள்ளையின் கையை விட்டுவிட்டு நடக்கும் தாய்மார்களை இங்கேதான் அதிகம் பார்க்க முடிகிறது.

பல பத்தாண்டுகளாக இந்தக் கடற்கரையில் மணல் கிடையாது. 1980களின் இறுதியில் தெற்கே துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள், கரையோரமாக வடக்கே நகரும் மணலைத் தடுத்துவிட்டன. கடல் கரையைத் தின்றது, கருங்கற்களைக் கொட்டிச் சாலையைக் காப்பாற்றினார்கள். சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் 2018 வாக்கில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் எஃகாலான செயற்கைத் தடுப்பு ஒன்றை அமர்த்தியது. அதன் நிழலில் மணல் மீண்டும் சேர்ந்தது. வடக்கு ஓரத்தில் இப்போது பிள்ளைகள் கால் நனைக்கிறார்கள் என்றால் அந்த வேலையால்தான்.

இந்தச் சாலையில் கடல் பக்கமாக நிற்கும் ஒரே உணவகம் ‘லெ கஃபே’. பழைய துறைமுக அலுவலகக் கட்டிடத்தில் புதுச்சேரி சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்துவது. மது கிடையாது. காபி, சாண்ட்விச், க்ரேப் என்னும் மெல்லிய தோசை, பிள்ளைகளுக்குச் சாக்லேட் பால். விலைக்குத் தகுந்த சாப்பாடு என்று சொல்ல முடியாது. ஆனால் அலை சுவரில் மோதும் இடத்துக்குப் பத்தடி தூரத்தில், இரவு வெகுநேரம் வரை, யாரும் ‘எழுந்திருங்கள்’ என்று சொல்லாமல் ஒரு காபிக்கு உட்கார்ந்திருக்க முடிகிற இடம் தமிழ்க் கரையில் வேறெங்கும் எளிதில் அமையாது. அதே கழகம் சாலையின் தென்கோடிப் பக்கம் ‘சீகல்ஸ்’ என்ற உணவகத்தையும் மதுக்கூடத்தோடு நடத்தியது. ஒரே அரசு நிறுவனம், ஒரே கடல், ஒன்றில் மது இருந்தது, ஒன்றில் இல்லை. விருப்பப்பட்டவர் விருப்பப்பட்ட இடத்துக்குப் போகலாம் என்ற இந்த ஏற்பாடு, மாநிலம் முழுக்க மதுவை விற்றுக்கொண்டே அதற்கு ஒரு கௌரவமான நாற்காலிகூடப் போடாத தமிழ்நாட்டு ஏற்பாட்டைவிட நேர்மையானது.

தெற்கே பார்க் கெஸ்ட் ஹவுஸ் அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்தது. அங்கே மதுவும் புகையும் அறவே இல்லை. 1926இல் உருவான ஆசிரமத்தின் கட்டிடங்கள் வெள்ளை நகரம் முழுக்கப் பரவியிருப்பதால், பிரெஞ்சுப் பேர் பூண்ட இந்தத் தெருக்களில் மதுவைத் தொடாத சமையலறைகளும் நிறைய.

வெள்ளை நகரம்

மஞ்சள் சுவர், உயரமான கதவு, உள்ளே முற்றம். துய்மா வீதி, சுஃப்ரேன் வீதி, புஸ்ஸி வீதி. இந்த வீடுகளில் பல இப்போது உணவகங்கள். சுஃப்ரேன் வீதியில் ‘ரான்தெவு’ பழைய ஆள். வில்லா சாந்தியின் முற்றமும், புஸ்ஸி வீதியில் பலே த மஹேயின் மாடியும் பிந்தியவை. மூன்றிலும் மது உண்டு. மூன்றிலும் இரவில் கைக்குழந்தையோடு வருபவர்களைப் பார்க்கலாம்.

அப்படி ஒரு முற்றத்தில் கொங்குப் பேச்சு காதில் விழுவது அரிதல்ல. “ஏனுங் தம்பி, இங்க குடிக்கறவீகளும் உக்காருவாங்களா?” என்று ஓர் அம்முச்சி நேராகவே கேட்டார். பரிமாறுபவர் உள்ளூர்ப் பையன். “உக்காருவாங்க பாட்டி. ஆனா யாரும் சத்தம் போட மாட்டாங்க, போட்டா நாங்க விட மாட்டோம்” என்றார். அம்முச்சி சுற்றிலும் பார்த்தார். பக்கத்து மேசையில் வெளிநாட்டுத் தம்பதி ஆளுக்கொரு கோப்பை ஒயினை ஒரு மணி நேரமாக வைத்துக்கொண்டு மீன் தின்றுகொண்டிருந்தார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பையன் சொன்ன பதிலில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. மது இருப்பதோ இல்லாததோ அல்ல, சத்தம் போடுபவனை வெளியே அனுப்பும் ஒருவர் இருக்கிறாரா என்பதே ஓர் இடத்தைக் குடும்பங்களுக்கு ஏற்றதாக்குகிறது. டாஸ்மாக் பாரில் அப்படி ஒருவர் இல்லை.

உலகத்தின் வேறு சில ஊர்கள் இதை எப்போதோ தீர்த்துவிட்டன. ஜெர்மனியின் மியூனிக்கில் 1812இல் அரசர் ஓர் ஆணை போட்டார். பீர் காய்ச்சுபவர்கள் தங்கள் நிலவறை வாசலில் பீர் விற்கலாம், ஆனால் உணவு விற்கக் கூடாது. ஓட்டல்காரர்களின் பிழைப்பைக் காப்பாற்றச் செய்த ஏற்பாடு. அதனால் சனங்கள் வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து, செஸ்ட்நட் மரத்தடியில் பிள்ளை குட்டிகளோடு உட்கார்ந்தார்கள். இன்றும் அங்கே சொந்தச் சாப்பாட்டைக் கொண்டுபோகலாம். இங்கிலாந்தின் கடலோர நகரங்களில் ஞாயிறு மதியம் பப்புகளில் வறுத்த இறைச்சிச் சாப்பாட்டுக்குக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். பல்லடத்துக்குப் பக்கத்திலேயே, பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால், கேரளத்துக் கள்ளுக்கடைகள் சில குடும்பங்களுக்குத் தனி அறை ஒதுக்கிக் கப்பையும் மீன்கறியும் போடுகின்றன. கள்ளைத் தொடாதவர்களும் அந்த மீன்கறிக்காகப் போகிறார்கள். எல்லா இடத்திலும் பொதுவானது ஒன்று: தட்டு முதலில், கோப்பை பிறகு.

வெள்ளை நகரத்துச் சாப்பாட்டில் கொங்கு நாக்குக்குக் கொஞ்சம் பழக்கம் தேவை. புய்யபேஸ் என்ற மீன் சூப்பில் புளியும் மிளகாயும் இல்லை. வெண்ணெயில் வதக்கிய மீன் காரத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் காரம் தின்னாத சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல சாப்பாடு ஊரில் கிடைக்காது. ரொட்டியும் அப்படித்தான். புஸ்ஸி வீதியில் ‘பேக்கர் ஸ்ட்ரீட்’ கடையில் காலையில் வரும் நீள ரொட்டி மேலே மொறுமொறுப்பு, உள்ளே மெதுமெதுப்பு. இந்த ரொட்டி சுற்றுலாவுக்காக வந்ததல்ல. தமிழர் பகுதியின் சின்ன பேக்கரிகளிலும் அது சுடப்படுகிறது, குழம்பில் தொட்டுத் தின்னும் வீடுகளும் உண்டு.

பெருமாள் கோயில் வீதி, குபேர் அங்காடி

குடும்பத்தோடு வருபவர்கள் வாய்க்காலுக்குக் கிழக்கே மட்டும் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது பெரிய இழப்பு. புதுவையின் தனிச் சமையல் மேற்கே, வீடுகளுக்குள் இருக்கிறது. பிரெஞ்சு, தமிழ், போர்த்துகீசிய, வியட்நாமியச் சுவைகள் கலந்து, கிறிஸ்தவ வீடுகளிலும் கிரியோல் குடும்பங்களிலும் தலைமுறையாக வந்தது. லூர்து திருவான்சியாம்-லூயி ‘தி பாண்டிச்சேரி கிச்சன்’ என்ற நூலில் இவற்றைத் தொகுத்திருக்கிறார். பெருமாள் கோயில் வீதியில் ‘மேசோன் பெருமாள்’ என்ற பழைய செட்டியார் வீட்டு விடுதியின் முற்றத்தில் இந்தச் சாப்பாட்டைச் சுவைக்கலாம். திண்ணையும் தாழ்வாரமும் நடுமுற்றமும் பார்த்தவுடன் கொங்குப் பாட்டிகளுக்கு மனசு இளகிவிடுகிறது. தொட்டிக்கட்டு வீட்டில் வளர்ந்தவர்கள் அவர்கள்.

இந்தச் சமையலின் உயிர் வடகம். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் இடித்து, உளுந்தும் கடுகும் வெந்தயமும் சீரகமும் கலந்து, உருட்டி, விளக்கெண்ணெய் தடவி, நாள் கணக்கில் வெயிலில் காய வைப்பார்கள். மீன் குழம்பு கொதித்து இறங்கும்போது ஒரு துண்டை எண்ணெயில் பொரித்துக் கொட்டினால் தெரு முழுக்க மணக்கும். பிரெஞ்சுக்காரர்கள் இதை ‘வதுவான்’ என்று சொல்லித் தங்கள் நாட்டுக்கே கொண்டுபோனார்கள். இன்று பாரிஸ் சமையல்காரர்கள் அதை இறைச்சியில் தூவுகிறார்கள். பல்லடம், பொங்கலூர், குடிமங்கலம் காடுகளில் சின்ன வெங்காயம் பயிரிடுபவர்களுக்கு இதைத் தெரிவிப்பது மகிழ்ச்சி தரும் செய்தி. அந்த வெங்காயம் இப்படியும் கடல் கடக்கிறது.

காலை குபேர் அங்காடியில் மீன் வாங்கும் இடம் ஊரிலேயே உயிரோட்டமானது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், வம்பாக்கீரப்பாளையம் குப்பங்களிலிருந்து வரும் மீனவப் பெண்கள் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து விலை சொல்கிறார்கள். ஐஸ் லாரியில் வந்த மீனையே பார்த்துப் பழகிய பல்லடத்துக்காரர்கள் வஞ்சிரத்தையும் இறாலையும் தாண்டி அதிகம் கேட்பதில்லை. “அதையே வாங்காத தம்பி, சங்கரா எடுத்துப் போ, பொடி மீனு குழம்புக்கு இருக்குது, பிள்ளைங்களுக்கு முள்ளில்லாம நானே அறுத்துத் தரேன்” என்று அந்த அம்மாக்கள் திருத்துவார்கள். விடுதியில் தங்குபவர் வாங்கிச் சமைக்க முடியாது. ஆனால் எந்த மீன் இன்று நன்றாக வந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் மதியம் ஓட்டலில் எதைக் கேட்பது என்று தெரியும். அங்காடியைச் சுற்றியுள்ள சின்ன மீன் மெஸ்களில் மது கிடையாது, திரைத் தடுப்பு கிடையாது, வாழை இலையில் சுடுசோறும் மாங்காய் போட்ட மீன் குழம்பும் உண்டு. கொங்குக் குழம்பில் இருக்கும் தேங்காயும் கொத்தமல்லியும் இதில் பின்வாங்கி, புளி முன்னே வருகிறது. புதுவையில் குடும்பச் சாப்பாட்டுக்கு ஒரே ஓர் இடம் சொல்லக் கேட்டால், இந்த மெஸ்களில் ஏதோ ஒன்றைத்தான் காட்ட வேண்டும்.

அரிக்கமேடு, சுண்ணாம்பாறு

கடலூர் சாலையில் தெற்கே அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் அரிக்கமேடு. மாமரங்களுக்கிடையே சில இடிந்த சுவர்களைத் தவிர இன்று பார்க்க அதிகமில்லை. பிள்ளைகளுக்குக் கதை சொல்லத் தெரிந்தவர் கூட வந்தால் மட்டுமே இடம் பேசும். மார்ட்டிமர் வீலர் 1945இல் இங்கே அகழ்ந்தபோது ரோமானிய மட்கலங்களும், ஆம்போரா என்னும் கூர்அடிச் சாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து ஒயினும் எண்ணெயும் மீன் சாறும் அவற்றில் வந்திறங்கின. யவனர் கொண்டுவந்த மதுவைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டும் குறிப்பிடுகிறது. இந்தக் கரைக்கு மது பிரெஞ்சுக்காரர்களோடு வந்ததல்ல என்பதற்கு இந்தச் சாடிகள் சாட்சி.

இன்னும் தெற்கே சுண்ணாம்பாறு படகுத்துறை. ஆற்றின் முகத்துவாரம் வரை படகில் போய் மணல் திட்டில் இறங்கலாம். வெயில் ஏறும் முன் போய்விடுவது நல்லது. சாப்பாட்டுக்காக நம்பிப் போகும் இடமல்ல.

கோட்டக்குப்பம், குயிலாப்பாளையம்

வடக்கே முத்தியால்பேட்டை முடியும் இடத்தில் நகரம் நிற்காமலே புதுச்சேரி முடிந்துவிடுகிறது. கோட்டக்குப்பம் தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். மதுக்கடைப் பலகைகள் சட்டென்று நின்றுபோகும். முஸ்லிம்கள் நிறைந்த இந்த ஊரின் பிரியாணிக் கடைகள் ஞாயிறு மதியம் நிரம்பி வழிகின்றன. மது பரிமாறும் உணவகத்தில் எக்காரணம் கொண்டும் உட்கார மாட்டோம் என்று உறுதியாக இருப்பவர்கள், புதுவைத் தங்கலின் ஒருவேளையை இங்கே வைத்துக்கொள்ளலாம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து இடதுபுறம் ஏறினால் குயிலாப்பாளையம், அதற்கப்பால் 1968 பிப்ரவரி 28இல் தொடங்கப்பட்ட ஆரோவில். செம்மண் பொட்டலாக இருந்த மேட்டில் வளர்த்த காடு. பல நாட்டவர் வாழ்ந்தாலும் இங்குள்ள பொது உணவகங்களில் மது கிடையாது. குயிலாப்பாளையத்தில் விறகடுப்பில் சுடும் பிட்ஸாக் கடையிலும், ஆரோவில் பேக்கரியிலும் உள்ளூர்ப் பெண்கள்தான் மாவு பிசைகிறார்கள், கல்லாவில் உட்காருகிறார்கள். ஆரோவில்லின் ‘சோலார் கிச்சன்’ கூரைமேல் 15 மீட்டர் விட்டமுள்ள பெரிய கண்ணாடிக் கிண்ணம் வெயிலைக் குவித்து நீராவி உண்டாக்கி, அதில் சோறும் பருப்பும் வேகிறது. பல்லடத்துத் தறிக்கூடங்களில் வேலை பார்த்த பொறியறிவு உள்ளவர்கள் அந்தக் கிண்ணத்தின் கீழே நெடுநேரம் நின்று விசாரிக்கிறார்கள்.

ஊர் திரும்பத் திண்டிவனம் வழியாகப் போனாலும் விழுப்புரம் வழியாகப் போனாலும் எல்லையில் மதுவிலக்கு அமலாக்கப் போலீசார் வண்டியை நிறுத்தி டிக்கியைத் திறந்து பார்ப்பதுண்டு. புதுச்சேரியில் வாங்கிய மதுப்பாட்டிலைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம். பெண்கள், பிள்ளைகளோடு சாலையோரம் நிற்க நேரும் அந்த அவமானத்துக்கு ஆளாகாமல், குடிப்பவர் குடிப்பதை அங்கேயே மேசையில் முடித்துக்கொண்டு, வண்டியை வேறொருவர் கையில் கொடுத்துவிட வேண்டும். ரொட்டியும் வடகமும் கொண்டுவரத் தடையில்லை. வடகம் வேண்டுமென்றால் வெள்ளை நகரத்து அழகுக் கடைகளில் தேட வேண்டாம், குபேர் அங்காடியைச் சுற்றியுள்ள மளிகைக் கடைகளில் கேட்கலாம். பங்குனி, சித்திரை வெயிலில் காய வைத்தது நன்றாக இருக்கும்.